எரியாமல் நின்ற ரேடியோ

என் உயிர் ஹனிபா மச்சானுக்கு,

எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கி இறங்கிப் போகின்றன, பொறுத்துக்கொள். எழுபத்திரண்டு வயதில் எழுதப் பழகிய கை. ஒரு வரிக்கு இரண்டு தரம் பேனையைக் கீழே வைக்கிறேன். ஆனாலும் நானே எழுதுகிறேன், மச்சான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாடைக்காற்று எழும்பியபோது என் மகன் நிசார் கடலில் மாட்டிக்கொண்டான். கிண்ணியாவில் மீனவர் சங்கத்து ரேடியோவுக்கு முன்னால் நாங்கள் நான்கு பேர். "வாப்பா, எஞ்சின்..." என்றான். அதோடு குரல் அறுந்துவிட்டது.

ரேடியோ திருத்தும் உன் கடையில் நீ சொல்வாயே, "ட்ரான்சிஸ்டர் எரிஞ்சா செத்த மீன், காசிம். தண்ணிக்குள்ள விட்டாலும் நீந்தாது." அது நினைவுக்கு வந்ததும், படகு ரேடியோ எரிந்தே போயிற்று என்று நினைத்தேன்.

கால் மணி நேரம் கழித்து மறுபடி இரைந்தது. "நிண்டு போச்சு." மறுபடி அறுந்தது. இன்னும் சற்றுப் பொறுத்து, "இலங்கைத்துறைக்கு நேரே." சங்கத்துக்காரர், "பகிடி விடுறானா இவன்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அந்தத் துண்டுகளைச் சேர்த்துத்தான் இலங்கைத்துறைப் படகு ஒன்று போய், பொழுது படுமுன் அவனைக் கட்டி இழுத்து வந்தது.

மறுநாள் படகு ரேடியோவை நானே டவுனுக்குக் கொண்டுபோனேன். திருத்துகிற பிள்ளை செல்வி அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, இதின்ட முதுகில படகுப் பிசின் பூசினது ஆர்?"

"நான்தான் மகள். உப்புத் தண்ணி போகக் கூடாதெண்டு."

"முதுகில இருக்கிற இந்தத் தகட்டு வரியளாலதான் சூடு வெளிய போறது. நீங்கள் மூடிப்போட்டீங்கள். கதைக்கக் கதைக்கச் சூடேறி நிண்டிருக்கு."

ஓட்டைப் படகுக்குப் பூசுவதை நல்ல ரேடியோவுக்குப் பூசியிருக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு எதைக் கண்டாலும் பூசத்தானே தெரியும்?

ஆனால் அது ஏன் எரியவில்லை? அவள் உள்ளே காட்டினாள். விரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு சிப். தன் சூட்டைத் தானே அளக்குமாம். அளவு தாண்டினால் நிற்கும், ஆறினால் எழும்பும். அந்தக் காவலையும் இப்போது சிப்புக்குள்ளேயே சேர்த்துச் செய்கிறார்களாம். உன் காலத்து ட்ரான்சிஸ்டர் என்றால் முதல் சொல்லோடு என் மகன்... இதைப் பார்க்காமல் கண்ணை மூடிவிட்டாயே, மச்சான்?

பிசினைச் சுரண்டித் தந்தாள். இப்போது முழுதாகப் பேசுகிறது. நிசாரோ ரேடியோ விற்ற கடைக்காரனை இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறான். நான் பக்கத்திலிருந்து தேநீர் குடிக்கிறேன். வாய் திறக்க ஏலாமல் இருக்கிறது.

அதனால் இன்று ஒரு துண்டுத்தாளில் எழுதினேன்: "பிசின் பூசியது வாப்பா. கடைக்காரனை ஏசாதே." நான் ஒருவருக்கு எழுதிய முதல் கடிதம் அதுதான். உனக்கு எழுதும் இது இரண்டாவது, கோபிக்காதே. நாளை காலை அவன் கையில் கொடுப்பேன். என்ன சொன்னான் என்று அடுத்த கிழமை உனக்கு எழுதுவேன், ஏசினால் அந்த ஏச்சையும் ஒரு சொல் விடாமல்.

உன் தங்கையைக் கட்டிய மச்சான்,
காசிம்