கசக்காத மாத்திரை

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டு வலி தேவலையா? அம்மா கண்ணாடியை மாற்றினாளா? எனக்கு ஒரு குறையுமில்லை.

போன வாரம் எங்கள் மருந்துக்கடையில் ஒரு சின்னக் கூத்து. எங்களிடம் இதயத்துக்கு மாத்திரை வாங்கும் தையல்காரர் திரும்பி வந்து, "என்னம்மா, இந்தத் தடவ மாத்திரை கசக்கவே இல்லியே!" என்றார். முதலாளி சிரித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய அட்டையோடு வைத்துப் பார்த்தேன். எழுத்து சற்றே தடிப்பு. அட்டையில் அச்சிட்டிருந்த தயாரிப்பு எண்ணைச் சொல்லிக் கம்பெனிக்குப் போன் போட்டால், "அந்த நம்பர்ல நாங்க மருந்தே போடலயே" என்கிறார்கள். அத்தனையும் போலி! வாங்கியவர்களைக் கூப்பிட்டுத் திரும்ப வாங்கிவிட்டோம். இருவர் மட்டும் இன்னும் போனை எடுக்கவில்லை. கடை வாசலில் நிழலாடினால் அவர்களோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

நீங்களும் அதே மாத்திரைதானே அப்பா? போனில் கேட்டால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். கசப்பு தெரியாமலிருக்க அம்மா வாழைப்பழத்துக்குள் வைத்துத் தருவாளே, ஒரே ஒரு நாள் அது வேண்டாம். வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள். பிடித்திருக்கும் கை அம்மாவுடையதாக இருக்கட்டும்; நீங்களென்றால் என்னைத் தேற்றப் பழைய அட்டையைக் காட்டிவிடுவீர்கள்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. கசந்தது என்று ஒரு வரி போடுங்கள், தூங்கிவிடுவேன்.

உங்கள் மகள்