கோலிக்கு ஒரு கோச்

ஜூன் 8, ஞாயிறு
நந்தனம் மைதானத்தில் 3–1 தோல்வி. மூன்றில் ஒன்றுகூட என் தப்பில்லை. பதினாறு வருடமாக மாடவீதி யுனைடெட்டுக்கு கோல்கீப்பராக நிற்கிறவனுக்கு இது தெரியாதா?

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் எங்கள் செயலாளர் தனபாலன், கோல்கீப்பருக்கென்று தனியாக ஒரு கோச் போடப்போகிறாராம். "கடையில பட்டுக்குத் தனி ஆளு, ரெடிமேடுக்குத் தனி ஆளுன்னு வச்சிருக்கேன்லா. கோல் போஸ்ட்டுக்கும் ஒரு ஆளு வேணும் சார்." நான் பட்டா ரெடிமேடா என்று கேட்கவில்லை.

எங்கள் கோச் அக்பர் பாஷா சிரித்தார். "கோலிக்கு இன்னா நைனா தனி கோச்சு? பந்து வந்தா புடிக்கணும், அவ்ளோதானே." வாழ்க அக்பர் பாஷா.

ஜூன் 10, செவ்வாய்
வந்தாயிற்று. பெயர் கயல், சிந்தாதிரிப்பேட்டை, வயது இருபத்து நாலு. நான் முதல் மேட்ச் ஆடியபோது அந்தப் பெண் மூன்றாம் வகுப்பு.

ஒரு மணி நேரம் பந்தைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்தாள். பிறகு வந்து, "சார், கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே? அவங்க அடிக்கிற நேரத்துல எதுக்கு கண்ண மூடிக்கினு கீறீங்க?" என்றாள்.

வெயில் என்றேன். "சூரியன் உங்களுக்குப் பின்னால கீது சார்."

ஜூன் 12, வியாழன்
வீடியோ எடுத்துக் காட்டினாள். பதினான்கு ஷாட். பதினான்கிலும் மூடியிருக்கிறேன்.

வீட்டில் மனைவி ஜானுவிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். "இதைச் சொல்ல ஒரு கோச் வரணுமா? ஆத்துல குக்கர் விசில் அடிச்சாலே நீ கண்ணை மூடிண்டுடுவியே."

அப்படியானால் இத்தனை வருடம் எப்படிப் பிடித்தேன்? "கடைசி செகண்டு வரிக்கும் நல்லாத்தான் பாக்கறீங்க. அப்பறம் கெஸ்ஸு" என்கிறாள் கயல். பதினாறு வருடம் கெஸ்ஸு! அக்பர் பாஷா அடிக்கிறவனைப் பார்ப்பார், கூட்டம் பந்தைப் பார்க்கும். என்னை யாருமே பார்த்ததில்லை. கோபமாக வருகிறது — யார் மேல்?

ஜூன் 22, ஞாயிறு
ஐந்து கோல். கண் திறந்திருந்தது, கை வரவில்லை. மூடியிருந்தால் இரண்டையாவது பிடித்திருப்பேன்.

வீட்டுப்பாடம் வேறு. தினமும் என் முகத்துக்கு நேரே ஜானு தட்டை டணார் என்று தட்ட வேண்டும், நான் இமைக்கக் கூடாது. தேவைக்கு மேலேயே ரசித்துச் செய்கிறாள்.

ஜூலை 6, ஞாயிறு
நாலு கோல். தனபாலன் ஓரமாக அழைத்துப் போனார். "செக்ஷனுக்கு ஆளு போட்ட பொறவும் பட்டு விக்கலன்னா ஆளை மாத்தணும்லா? புதன்கிழமை கமிட்டி. நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அந்தப் புள்ளையை அனுப்பிருவோம்."

ஒரு மாதம் முன்பு இதற்கு ஸ்வீட் கொடுத்திருப்பேன். ஆனால் இன்று நாலாவது கோலின்போது பந்து சுழல்வதைப் பார்த்தேன். கடைசி வரை. பிடிக்கவில்லைதான், ஆனால் பார்த்தேனே. அவள் வேண்டும் என்று சொன்னால், ஏன் என்றும் சொல்லியாக வேண்டும். அதற்கப்புறம் இந்த கிளப்பில் என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

ஜூலை 9, புதன்
கமிட்டி தனபாலன் கடை மாடியில். அங்கே சுவரில் என் படம் மாட்டியிருக்கிறது. 2013 அரையிறுதியில் நான் பாய்ந்து பெனால்டியைத் தடுத்தபோது எடுத்தது. கடை ஆட்கள் வெள்ளிக்கிழமை பூ வைப்பார்கள். எப்போது தவறிப்போனார் என்று விசாரித்த வாடிக்கையாளர்களும் உண்டு.

சொல்லிவிட்டேன். கயல் வேண்டும், ஏன் என்றால் நான் இப்படி. நம்பாதவர்கள் அந்தப் படத்தில் கண்ணைப் பாருங்கள் என்றேன். தனபாலன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். "சாமி கும்புடுதீங்கன்னுல்லா நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள், அக்பர் பாஷாவைத் தவிர. "இத்தினி வருசமா நான் இன்னாத்த பாத்துக்கினு இருந்தேன்?" என்று கேட்டார்.

கயல் இருக்கலாம் என்று முடிவு. படமும் இருக்கலாம், பூ மட்டும் வேண்டாமாம். வீட்டுக்கு வந்து அழுதேன். கொஞ்சம்தான்.

ஜூலை 13, ஞாயிறு
ஒரே கோல்தான் விட்டேன். ஜெயித்தோம்.

ஜூலை 18, வெள்ளி
நாளை மறுநாள் பரத்வாஜ் நிற்பானாம். அவனுக்குப் பத்தொன்பது வயது, இத்தனை நாள் எனக்கு மாற்று ஆள். கயல் நேராகவே சொன்னாள். "கண்ணு சரியாயிடுச்சு சார். காலுதான் லேட்டு. அது வயசு. அதுக்கு நான் ஒண்ணியும் பண்ண முடியாது."

வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது. மானத்தை விட்டு நான் காப்பாற்றிக் கொடுத்த வேலையில் அவள் செய்த முதல் காரியம் என்னை உட்கார வைத்தது. அவள் சொன்னது தப்பு என்று நிரூபிக்க மூன்று மணி நேரம் யோசித்தேன். தப்பில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு
பெஞ்ச். பக்கத்தில் கயல். பேசக் கூடாது என்றுதான் போனேன். இடைவேளைக்கு முன்னால் வாய் சும்மா இருக்கவில்லை. "கார்னர் வரப்போ பரத்வாஜ் குதிகால்ல நிக்கறான், கவனிச்சியா?"

அவள் திரும்பவில்லை. "மூணு வாரமா அப்படித்தான் நிக்கிறான் சார். உங்களுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

ஜூலை 22, செவ்வாய்
காலையில் அரை மணி நேரம் பரத்வாஜின் குதிகாலைச் சரி செய்தேன். அக்பர் பாஷா இருபது பந்து அடித்தாராம். எத்தனை உள்ளே போனது என்று ஜானு கேட்கிறாள். நான் பந்தைப் பார்க்கவே இல்லை.