நேத்துலேர்ந்துதான் சார்

8.7 திங்கள்
வெயில் மண்டையப் பொளக்குது. கரண்ட் இல்ல. கால் ரெண்டும் கட்டில்ல கெடக்கு, யாரோ வெச்சிட்டுப் போன மாதிரி.
வக்கீலம்மா போன். நஷ்டஈடு மனு திரும்பி வந்துடுச்சாம். நர்ஸிங் ஹோம் ரிசப்ஷன்ல வேல பாத்தப்ப எனக்குப் போட்ட ஃப்ளூ ஊசி. பத்தாம் நாளே கால் மரத்துச்சுன்னு மனுவுல இருக்கு. நரம்பு டாக்டர் சீட்டுல, ஊசி போட்டு ஒன்றரை மாசம் கழிச்சு, 'நேத்துலேர்ந்து'ன்னு இருக்கு.
"எதுங்க பொய்யி?"
போன வெச்சிட்டேன்.

9.7
எழுதித் தொலைக்கிறேன். பொய் சொன்னது நான்தான்.
கால் மரத்ததும் வாதம்னு சொல்லி வூட்டுக்காரரு கல்வராயன் மலைக்குத் தூக்கிக்கினு போனாரு. மலை வைத்தியர் எண்ணெய், பச்சிலைக் கட்டு. ஒரு மாசம். கையும் தூக்க முடியாமப் போனப்பறம்தான் கள்ளக்குறிச்சி நரம்பு டாக்டர். கை அப்பறம் தேறிடுச்சு, கால்தான் இல்ல. அன்னிக்கு அங்க வாசல்லயே வூட்டுக்காரரு, "எண்ணெய் மேட்டர வாயத் தொறக்காத, கத்துவாரு."
எப்பலேர்ந்துன்னாரு டாக்டர். "நேத்துலேர்ந்துதான் சார்."
எவ தான் டாக்டர்கிட்ட எண்ணெயச் சொல்றா? ரிசப்ஷன்ல இதே பொய்ய எத்தினி பேருக்கு எழுதியிருக்கேன், உள்ளுக்குள்ள சிரிச்சிக்கினே. இப்ப சிரிடி.

11.7
வக்கீலம்மா: டாக்டர் தேதியத் திருத்திக் குடுத்தா மனு நிக்கும். வேற வழி இல்ல. உண்மையச் சொல்லுங்க.
நஷ்டஈடு கெடைச்சா காலுக்குப் பிசியோ நிக்காது. இல்லன்னா இந்தக் கட்டில், இந்த ஓட்டுக்கூரை, அந்தப் பல்லி.
வூட்டுக்காரரு இன்னும் எண்ணெய விடல. தெனம் காலையில தேய்ப்பாரு. திட்டறேன், கேக்கறதில்ல. அழத் தெரியல மனுஷனுக்கு, தேய்க்கிறாரு.

14.7
நாளைக்கு எடுத்துக்க: பழைய சீட்டு. ஊசி அட்டை. மனு ஜெராக்ஸ். தண்ணி பாட்டில். தைரியம்.

15.7
தூறல். கச்சிராயபாளையத்துலேர்ந்து ஆட்டோ. வழி பூரா ஒத்திகை. 'ஒரு மாசமா இருந்துது சார், பயந்துக்கினு மறைச்சிட்டோம்.' பத்து வாட்டியாவது சொல்லிப் பாத்தேன். "நல்லாத்தான் சொல்ற"ன்னாரு அவரு.
டாக்டர் முட்டியில சுத்தியால தட்டினாரு. கால் அசையல. குனிஞ்சவரு மோந்து பாத்தாரு.
"இன்னாம்மா வாசனை? எண்ணெய் எதாச்சும் போடறீங்களா?"
வூட்டுக்காரரு என் தோள அழுத்தினாரு, சொல்லுன்னு.
"இல்ல சார்."
டாக்டர் அதையும் சீட்டுல எழுதிக்கினாரு.