ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

நவம்பர் 10, 2024, ஞாயிறு

பழனிசெட்டிபட்டிக்குப் போய் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வந்தேன். மழை. பஸ் சின்னமனூர் தாண்டியும் விடவில்லை.

மாப்பிள்ளை விஜயகுமார் போனில் பேசிக்கொண்டே கதவைத் திறந்தார். நான் நேராகத் தொட்டிக்குப் போய்விட்டேன். டியூபை வாயால் உறிஞ்சி வாளியில் விட்டால் தண்ணீர் தானாக இறங்கும். பாதிக்குக் கீழே போக விடக்கூடாது. பைப் தண்ணீரில் மருந்து வாடை இருக்கும், அதனால் முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். மாப்பிள்ளை சனிக்கிழமையே பிடித்து வைத்துவிடுவார். அது ஒன்றை அவர் மறப்பதில்லை.

அழுகின இலைகளைக் கிள்ளினேன். நீட்டு இலைச்செடி மேலே வந்து மடங்கிக் கிடந்தது, கத்தரித்தேன்.

"காபி போடவா அத்தை?"

"கை ஈரமா இருக்கு மாப்ள."

போன வாரமும் அதைத்தான் சொன்னேன். மகள் யுவராணி காய்ச்சலில் போன பிறகு அந்த வீட்டில் நான் உட்காரவில்லை.

நவம்பர் 12

வீட்டுக்காரர் சாப்பிடும்போது ஆரம்பித்தார். "புள்ளைக்கு வருசமும் கழிச்சாச்சு. பேரன் பேத்தியும் இல்ல. அங்கன என்ன சோலி உனக்கு?"

"தண்ணி மாத்தணும்."

"அந்த மீனு என்ன, உன்னைய அம்மாச்சிங்குதா?"

சிரித்துவிட்டேன். குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

நவம்பர் 13

அவருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்தத் தொட்டியின் அடியில் கிடப்பது எங்கள் திராட்சைத் தோட்டத்து மண். கல்யாணமான புதிதில் யுவராணி உரச்சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மருந்து படாத எடத்து மண்ணாக் குடும்மா" என்றாள். கொடிக்கு மயில்துத்த மருந்து அடிப்போம், அதனால் தென்னைக்குப் பக்கத்தில் தோண்டிக் கொடுத்தேன். அதைச் சலித்து அடியில் பரப்பி, மேலே ஆற்று மணலைப் போட்டு, செடி நட்டாள். மீன் சும்மா பேருக்குத்தான், செடிதான் முக்கியம் என்பாள்.

"கண்ணாடிக்குள்ள வெவசாயமாடி?" என்று கேட்டேன்.

"ஆமா. பன்னிக்கும் பயமில்ல, களை எடுக்கக் கூலியும் வேண்டாம்."

நவம்பர் 24, ஞாயிறு

தை மாதம் மாப்பிள்ளைக்குக் கல்யாணம். பெண் போடி. பெயர் நதியா. துணிக்கடையில் வேலை பார்த்தவளாம். இதையெல்லாம் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாவம், அவரும் எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தாரோ.

"நல்லது மாப்ள" என்றேன். வெட்டிக்கொண்டிருந்தேன். நல்ல இலை ஒன்றையும் சேர்த்து வெட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "தொட்டிய வேணும்னா நீங்களே வச்சுக்கிருங்க அத்தை. வண்டி பிடிச்சுச் சுருளிப்பட்டிக்கு அனுப்பிருறேன். வாராவாரம் அலைய வேண்டாம்ல" என்றார்.

"எங்க ஊர்ல கரண்டு ஒழுங்கா இருக்காது மாப்ள. லைட்டு இல்லாம செடி நிக்காது."

நவம்பர் 25

கரண்டு எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

தொட்டி எனக்கு எதுக்கு? இங்கன வச்சு அதைப் பாத்து நான் என்ன செய்ய? எனக்கு அங்கன போகணும். அவ மிதிச்ச வாசப்படிய மிதிக்கணும், அவ்வளவுதேன். தொட்டி இங்கன வந்துட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த வீட்டுக் கதவத் தட்டுவேன்? என்ன சொல்லிக்கிட்டு உள்ள போவேன்?

டிசம்பர் 8, ஞாயிறு

கல்யாணத்துக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். சுவரெல்லாம் ரோஸ் கலர். யுவராணி ஒட்டிய பூ ஸ்டிக்கர் போய்விட்டது.

டிசம்பர் 15, ஞாயிறு

பெயிண்ட் அடிக்கிறவர்கள் வெளிச்சத்துக்கென்று தொட்டி லைட்டைப் பகலெல்லாம் எரியவிட்டிருக்கிறார்கள். கண்ணாடியில் பாசி. இலையிலும் பாசி, மயிர் மயிராக. சுரண்டினேன். சுரண்டச் சுரண்டத் தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம்.

வருகிற பெண் இதைப் பார்த்தால் என்ன சொல்வாள்? நானாக இருந்தாலும் தூக்கி வெளியே வை என்றுதான் சொல்வேன். அவள் வருவதற்குள் பளிச்சென்று ஆகிவிட வேண்டும்.

டிசம்பர் 22, ஞாயிறு

தோட்டத்து சிமெண்ட் தொட்டியில் பாசி பிடித்தால் மயில்துத்தத்தைத் துணியில் கட்டித் தண்ணீருக்குள் இழுப்போம். ரெண்டு மூணு நாளில் பாசி செத்துவிடும். அதில் ஒரு துண்டு, சுண்டைக்காய் அளவுகூட இல்லை, மடியில் முடிந்து கொண்டுபோனேன். மாப்பிள்ளை பத்திரிகை கொடுக்கப் போயிருந்தார். கரைத்து ஊற்றினேன்.

டிசம்பர் 25

மாப்பிள்ளை போன் போட்டார். "அத்தை, தொட்டி என்னமோ நாறுது."

அடுத்த பஸ்ஸில் போனேன். பாசி போயிருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. நத்தைகள் எல்லாம் மணலில் கவிழ்ந்து கிடந்தன. கப்பி மீன் பாதி மிதந்தது. அகல இலைச்செடி இருக்கிறதே, யுவராணி உயிராக வளர்த்தது, அதன் இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி கரைந்து தொங்கியது. தொட்டால் கையோடு வந்தது.

மண்ணில் மருந்து படக்கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தோண்டிக் கொடுத்தவளும் நான்தான்.

"நான்தேன் மாப்ள. மயில்துத்தம் போட்டேன்" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "பெயிண்ட் தின்னரத் தொட்டியில ஊத்திட்டாகன்னு காலையில பெயிண்டடிக்கிறவுகளப் பிடிச்சு வஞ்சுபுட்டேனே அத்தை. ஒருத்தரு கோவிச்சுக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு."

அப்புறம் மெதுவாக, "இதைக் கழுவி மாடில போட்ருவோமா? வீட்டுக்கு ஆளுக வருவாக" என்றார்.

"வேர் இருக்கு மாப்ள. கவாத்து பண்ணின கொடியும் மொட்டையாத்தான நிக்கும்? பிடுங்கிராதீக."

கொஞ்சம் யோசித்தார். "சரி, தை வரைக்கும் பாப்போம்."

டிசம்பர் 29, ஞாயிறு

இந்த வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனேன். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினேன். வீட்டுக்காரர் பஸ்ஸுக்குச் சில்லறையை அலமாரியில் வைத்திருந்தார்.

ஜனவரி 12, 2025, ஞாயிறு

வெறும் மணல். மிச்சமிருந்த மீன்கள் அதற்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ஜனவரி 14

பொங்கல். சீர் கொண்டுபோக இடமில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

மணலுக்குள் விரலை விட்டு ஒரு வேரை லேசாக இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. பிடித்துக்கொண்டிருக்கிறது. செத்த வேர் பிடிக்காது. விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது மாப்பிள்ளை, "கல்யாணத்துக்கு வருவீகளா அத்தை?" என்றார். கேட்கத்தானே வேண்டும், கேட்டார். தோட்டத்தில் வேலை இருக்கிறது என்றேன்.

ஜனவரி 31

போடியில் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை. வீட்டுக்காரர் என்னிடம் சொல்லாமல் போய் மொய் எழுதிவிட்டு வந்தார். வேட்டியை மடித்து வைக்கும்போது, "புள்ள நல்ல புள்ளயாத்தேன் தெரியுது" என்றார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

போகவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

போகவில்லை. திராட்சைக் கொடியில் குலையை மறைக்கிற இலையைக் கிள்ளினேன். பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். அந்தத் தண்ணீரை யார் மாற்றுவார்கள்?

பிப்ரவரி 13

புது நம்பர். பெண் குரல்.

"பெரியம்மாங்களா? நான் நதியா பேசுறேன். போடி நதியா."

அவளே பேசினாள். "பீரோ வைக்க எடமில்ல, தொட்டியத் தூக்கிருவோம்னு எங்கம்மா சொன்னாக. தண்ணிய எறைக்கப் போனேன். மணலுக்குள்ள என்னமோ மொளைச்சிருக்கு. இது செடியா களையா?"

"என்ன கலரு?"

"செம்பழுப்பு. நகத்தளவு இருக்கு. அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு."

"செடிதேன்த்தா. கைய வைக்காத."

"அப்ப பீரோ?"

"பீரோ எங்க நின்னாலும் தழையும்."

சிரித்தாள். போனை வைத்ததும் அந்த நம்பரை எழுதி வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

போனேன். பீரோ அடுப்படிக்குப் போகிற வழியில் நிற்கிறது, ஒருக்களித்துத்தான் போக வேண்டும். தொட்டி அதே இடத்தில். குருத்துகளை நானும் பார்த்தேன். யுவராணி போட்டோவில் புதுப்பூ.

தண்ணீர் மாற்றினேன். நதியா பக்கத்திலேயே நின்று பார்த்தாள். காபி கொண்டுவந்தாள்.

"கை ஈரமா இருக்குத்தா" என்றேன்.

மாப்பிள்ளை அவளைப் பார்த்து, "எப்பயும் அப்பிடித்தான்" என்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

போனேன். அதேதான். கப்பி குட்டி போட்டிருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

போனபோது வாளி கவிழ்ந்து காய்ந்து கிடந்தது. டியூபைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி. பழுத்த இலைகூட ஒன்றும் இல்லை, கிள்ளி எடுத்திருக்கிறாள்.

நடுவீட்டில் நின்றேன். எனக்கு இங்கன என்ன வேலை, இனி என்ன வேலை - அதுதான் ஓடியது. இத்தனை தூரம் வந்துவிட்டு உடனே திரும்பினாலும் நன்றாக இருக்காது. செருப்பைக் கழற்றாமல் வாசலோடு திரும்பியிருக்கலாம் என்று நினைத்தேன்.

நதியா அடுப்படியிலிருந்து காபியோடு வந்தாள். "காலையிலயே மாத்திட்டேன் பெரியம்மா. போன வாரம் பாத்து வச்சுக்கிட்டேன்."

"நான் வந்து மாத்திருப்பேன்லத்தா."

"மாத்துவீக. அப்பறம் கை ஈரம்பீக." டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றாள். "இன்னைக்குக் கை காய்ஞ்சுதான இருக்கு? உக்காருங்க."

உட்கார்ந்தேன். தொட்டிக்கு எதிரே யுவராணி உட்காருகிற நாற்காலிதான், உறை மட்டும் புதுசு. காபியில் சீனி தூக்கல். முழுவதும் குடித்தேன். அகல இலைச்செடி விரல் உயரம் வந்திருக்கிறது. நதியா போடியில் அவர்கள் வீட்டுச் சண்டை ஒன்றைச் சொன்னாள், மாப்பிள்ளை நடுவில் புகுந்து வாங்கிக் கட்டிக்கொண்டார். மத்தியானச் சாப்பாடும் அங்கேதான்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டார். "தண்ணி மாத்தியாச்சா?"

"அந்தப் புள்ளையே மாத்திருச்சு."

"அப்ப இனிமே உனக்கு அங்கன என்ன சோலி?"

"ஒண்ணுமில்ல" என்றேன். வருகிற சனிக்கிழமை திராட்சை அறுக்கும்போது நல்ல குலையாகப் பார்த்து ஒரு பை தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன்.