அருள்மொழி கஃபேயின் லைசென்ஸ்

மரக்காணம்,
11-5-2025

என் அக்காள் மகனும் என் மகளுக்குத் தாலி கட்டியவனுமான கார்த்திகேசனுக்கு, மாமன் கலியபெருமாள் எழுதுவது.

நடந்தது அத்தனையும் நான் முன்பே சொன்னதுதான். இதை நீ ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். பொங்கலுக்கு முன்னால் அருள்மொழி தன் கஃபேக்கு மேலே ஆறு ரூம் கட்டினபோது, "டேய், ரூமுக்கு அடுத்தது பாருதான்டா" என்று சொன்னேனா இல்லையா? நீ அவன் கஃபே அடுப்படியில் எறா வறுத்துக்கொண்டே சிரித்தாய். இப்போது பார் லைசென்ஸ் கேட்டு மனுவே போட்டுவிட்டான். கொடுப்பது மேலே இருக்கிற அதிகாரிகள். ஆனால் முதலில் நம் பேரூராட்சி மன்றம் கூடி, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் போட வேண்டுமாம். 27-ம் தேதி செவ்வாய்க்கிழமை கூட்டம்.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்று உன் அத்தை பாஞ்சாலை தடுத்தாள். குடியை நிறுத்தப் போனவனிடம் பார் கதையா என்கிறாள். உலக நடப்பு தெரியாமல் ஒரு மனிதன் எப்படி இருப்பான்? நானே எட்டாவதோடு நிறுத்தியவன், தினமும் பேப்பர் படிக்காமல் இருக்கிறேனா?

போன வாரம் அருள்மொழி நம் வீட்டுக்கே வந்தான். கையில் நண்டு. ஒரே நண்டு, இரண்டு கிலோ. "மாமா, நீங்க உப்பள மேஸ்திரி. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அந்த ஜனம் மொத்தமும் வாயை மூடிக்கும்" என்று கெஞ்சினான். நான் பிடி கொடுக்கவில்லை. நண்டை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

சத்யப்ரியாவும் குழந்தை பூஜாவும் இன்னும் கீழ்புத்துப்பட்டில் அமுதவல்லி பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறார்கள். இங்கே வா என்றால் வரமாட்டேன் என்கிறாள். "நீயும் அவரும் ஒரே டம்ளர்ல குடிச்சவங்கதானேப்பா" என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவளுக்கு என்ன தெரியும், நீ அந்த மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்த நாளிலிருந்து நானும் தொடவில்லை. இன்றோடு நாற்பத்து மூன்று நாள். டாக்டர் இல்லாமல், மாத்திரை இல்லாமல், வெறும் வைராக்கியத்தில்.

உடம்பைப் பார்த்துக்கொள். போன கடிதத்தில் உன் கையெழுத்து நடுங்கவில்லை. பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

இப்படிக்கு,
கலியபெருமாள்


விழுப்புரம்,
19-5-2025

அன்புள்ள மாமாவுக்கு,

கார்த்திகேசன் வணக்கம். இங்கே போன் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். இன்னொரு விதியும் உண்டு. வருகிற கடிதத்தை அவரவரே காலைக் கூட்டத்தில் நாற்பது பேருக்கு முன்னால் எழுந்து நின்று படிக்க வேண்டும். உங்கள் கடிதத்தையும் படித்தேன். நண்டு வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். லைசென்ஸ் பற்றிய வரியைப் படித்தபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மாமா, எனக்குத் தெரிந்த வேலை அந்த அடுப்பு ஒன்றுதான். அருள்மொழி அண்ணன் என் வேலையை எனக்கென்றே வைத்திருப்பதாகச் சொன்னார். நான் எறா வறுக்கிற இடத்திலிருந்து நாலடி தள்ளி பாட்டிலை அடுக்கினால் நான் எத்தனை நாள் நிற்பேன்? ஒரு வாரம்? என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நேற்று முழுவதும் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டும் நடந்தேன்.

சத்யப்ரியாவுக்கு மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அவள் வரப்போவதில்லை, வேலையும் இல்லை என்றால் நான் யாருக்காக இங்கே இருக்கிறேன்? நானாக வந்து சேர்ந்தவன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். வருகிற 31-ம் தேதி, சனிக்கிழமை, கிளம்பிவிடலாம் என்று இருக்கிறேன். பையைக் கட்டி வைத்துவிட்டேன்.

உங்கள்,
கார்த்திகேசன்


மரக்காணம்,
27-5-2025

மாப்பிள்ளைக்கு,

பையை அவிழ். முதலில் அதைச் செய்துவிட்டு மேலே படி. இந்தக் கடிதத்தைக் கொரியரில் அனுப்புகிறேன், சனிக்கிழமைக்குள் உன் கையில் இருக்கும்.

கூட்டம் காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் உப்பளத்தில் ஒரு பெண்ணும் குனிந்த தலையை நிமிர்த்த முடியாது என்பது ஊருக்கே தெரியும். உப்பு வாரி, கரையில் குவித்து முடிக்கப் பதினோரு மணி ஆகும். அருள்மொழி அதைத்தான் நம்பியிருந்தான். ஆனால் திங்கட்கிழமை மழை கொட்டியது பார், விளைந்த உப்பெல்லாம் பாத்தியிலேயே கரைந்துபோனது. வெள்ளிக்கிழமையே சொன்னேன் மழை வரும் என்று, எவனும் கேட்கவில்லை. ஆக, இன்றைக்கு வேலை இல்லை. வேலை இல்லாத அத்தனை பெண்களும் பேரூராட்சி வாசலில். நூறு பேர் என்று சொல்வார்கள். நான் எண்ணினேன், இருநூறு.

கொளஞ்சியம்மாள்தான் முன்னால் நின்றாள். நாற்பது வருஷமாக உப்புச் சுமக்கிறவள், அவள் குரலுக்கு மைக் வேண்டாம். அருள்மொழி அவளிடம் போய் நைசாக, "ஆயா, இது பாண்டிக்குப் போற டூரிஸ்ட்டுங்களுக்கு மட்டும்தான். நம்ம ஊர்க்காரங்களுக்கு இல்ல" என்றான்.

"ஏம்பா, உன் பாட்டிலு ஆதார் கார்டு பாத்துதான் தொறக்குமா?" என்றாள் அவள். வாசலே சிரித்தது. உள்ளே இருந்த கவுன்சிலர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

பொதுஜனம் உள்ளே போய்ப் பேசக் கூடாதாம். அதனால் தலைவரம்மாவே படியில் இறங்கி வந்து, "எல்லாரும் கத்தாதீங்க. ஒருத்தர் மட்டும் பேசுங்க" என்றார். அவ்வளவுதான், அதுவரை கத்தின கூட்டம் ஊமையாகிவிட்டது. ஒருத்தியை ஒருத்தி இடிக்கிறாள், நீ பேசு, நீ பேசு என்று.

அப்போது யார் முன்னால் வந்தது தெரியுமா? சத்யப்ரியா. பூஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டு. கீழ்புத்துப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள், எனக்கே தெரியாது. அவள் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன்: "என் வீட்டுக்காரரு அடுத்த மாசம் வர்றாரு. அந்த அடுப்பை விட்டா அவருக்கு வேற பொழப்பு தெரியாது. அவரு நிக்கிற எடத்துல பாட்டிலை வெச்சீங்கன்னா, நாங்க எங்கம்மா போவோம்?"

தலைவரம்மா திரும்பிப் படியேறினார். உள்ளே போனார். அரை மணி நேரத்தில் தீர்மானம் வந்தது: மன்றத்துக்கு ஆட்சேபணை உண்டு.

அருள்மொழிக்கு முகம் தொங்கிவிட்டது. இருந்தாலும் போகும்போது, "கார்த்தி எப்ப வர்றான்? மாஸ்டர் இல்லாம யாவாரம் படுத்துடுச்சு" என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.

இதை நாற்பது பேருக்கும் சத்தமாகப் படி.

கலியபெருமாள்


விழுப்புரம்,
7-6-2025

அன்புள்ள மாமாவுக்கு,

பையை அவிழ்த்துவிட்டேன். சட்டைகளை மறுபடியும் கொடியில் போட்டிருக்கிறேன்.

படித்து முடித்ததும் எங்கள் கவுன்சிலிங் மேடம் ஜான்சி, சத்யப்ரியா பேசின இடத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்கள். படிக்க வரவில்லை. பொம்மையார்பாளையத்துச் சாலமன் அண்ணன் என் கையிலிருந்து வாங்கிப் படித்தார். இப்போது அந்த மூன்று வரியையும் போர்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்து சேர்கிறவர்கள், "இது யாரு வீட்டம்மா சொன்னது?" என்று கேட்கிறார்கள். நான் கையைத் தூக்குகிறேன்.

கை பரபரக்கும்போது வராந்தாவில் நடந்தபடி அதையே சொல்லிக்கொள்கிறேன். இன்னும் நடக்கத்தான் செய்கிறேன் மாமா, அது நிற்கவில்லை. ஆனால் கேட் பக்கம் போவதில்லை.

சத்யப்ரியாவுக்கு நன்றி சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறேன். இந்த முறை பதிலை எதிர்பார்க்கவில்லை, அவள்தான் ஊர் அறியப் பதில் சொல்லிவிட்டாளே. 28-ம் தேதி காலை பத்து மணிக்கு என்னை வெளியே விடுகிறார்கள். அவளையும் பூஜாவையும் கேட்டுக்கு அழைத்து வாருங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

அப்புறம் ஒன்று. அன்றைக்கு அவள் என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உங்கள்,
கார்த்திகேசன்


மரக்காணம்,
16-6-2025

அன்புள்ள கார்த்திகேசனுக்கு,

இந்தக் கடிதத்தை முதலில் தனியாகப் படி. அப்புறம் விதிப்படி செய்.

புடவை நிறம் கேட்டிருந்தாய். பச்சை, அரக்கு பார்டர் என்று எழுதி முடித்தேன். பேனா நன்றாகத்தான் ஓடியது. பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இது வேறு தாள்.

சனிக்கிழமை சத்யப்ரியா வீட்டுக்கு வந்தாள். ஐந்து மாதத்துக்கு அப்புறம் முதல் தடவை. உட்காரவில்லை. நீ போட்ட நன்றிக் கடிதம் கையில். "நான் சொல்லாத வார்த்தைக்கு அவரு எனக்கு நன்றி சொல்றாரு. என்னாப்பா இது?" என்றாள். நான் இரண்டு விதமாகச் சமாளித்துப் பார்த்தேன். உன் அத்தை அடுப்படியில் நின்றபடி, "இன்னும் எவ்ளோதான் அளப்பீங்க?" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

உன் கடிதத்தை வாங்கிக் கிழிக்கப் போனேன். பிடுங்கிக்கொண்டாள். மடித்து மணிபர்சில் வைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்லமாட்டேன். மற்றவர்கள் மனதுக்கு நான் அர்த்தம் சொன்ன லட்சணம்தான் இது.

போகும்போது சொன்னது மட்டும் எழுதுகிறேன். உன் அத்தையும் கேட்டாள், சாட்சி இருக்கிறது. "நான் இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல. பண்ணேன்னா நானே அவருக்கு எழுதுவேன். எனக்குக் கை இருக்குது. நீ உள்ளதை எழுதிடு."

உள்ளது இதுதான். மழை, கொளஞ்சியம்மாள், தீர்மானம் எல்லாம் நிஜம். வேண்டுமானால் கவுன்சிலர் யாரையாவது கேட்டுக்கொள். 28-ம் தேதி பத்து மணிக்குக் கேட்டில் நான் நிற்பேன். அவள் நிற்பாளா என்று எனக்குத் தெரியாது. நீ அதுவரை இருப்பாயா என்பதும் தெரியாது. இரண்டு நாளாக உப்பளத்து வரப்பில் நானும் உன்னைப் போலத்தான் நடந்துகொண்டிருக்கிறேன்.

தலைவரம்மா கேட்டபோது யாரும் வாயைத் திறக்கவில்லை என்று எழுதினேன் அல்லவா? அப்போது முன்னால் போனது நான். பாதிப் பேர், "மேஸ்திரி ஆரம்பிச்சிட்டாருடா" என்று சிரித்தார்கள். மூன்று வரிக்கு மேல் வரவில்லை. இதை அப்படியே உனக்கு எழுதியிருந்தால், மாமன் இன்னொரு நண்டு பிடித்துவிட்டான் என்று நீயும் சிரித்திருப்பாய். சிரித்துவிட்டுச் சனிக்கிழமை கிளம்பியிருப்பாய்.

போர்டில் இருக்கிற வரிகளில் "என் வீட்டுக்காரரு" என்பதை மட்டும் அழித்துவிடு. நான் சொன்னது, "என் மாப்பிள்ளை வர்றான்" என்று. சத்யப்ரியா அன்றைக்கு அங்கே வரவே இல்லை.

கலியபெருமாள்