பாதி வீதி பாக்கி

வல்வெட்டித்துறை
3.6.1984

அன்புள்ள இஞ்சாருங்கோவுக்கு,

கூப்பிடுகிற மாதிரியே எழுதிவிட்டேன், உங்கள் பெயரை எழுதக் கை கூசுகிறது. உறையில் பரமலிங்கம் மாஸ்டர் எழுதித் தருவார். நானும் பிள்ளைகளும் அம்மாள் புண்ணியத்தில் சுகம். கப்பல் சாப்பாட்டில் உங்கள் வண்டி வயிறும் சுகமாக வளர்ந்திருக்கும்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு பயப்படக்கூடாது. எனக்கு ஒன்றுமில்லை. பெரிய டாக்குத்தரே சொல்லிவிட்டார்.

அம்மாள் கோயில் தேரன்று வழமைபோல தேருக்குப் பின்னால் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்துக்கொண்டு போனேன். கோயில் மடத்தில் வெள்ளிதோறும் பிறசர் பார்க்கிற செல்வநாயகி மிஸி, செம்பில் தண்ணீரோடு பக்கத்தில் வந்தா. தாதி வேலையில் பென்சன் எடுத்தும் ஆசுபத்திரிக் கண் போகவில்லை. பாதி வீதியில் குனிந்து, "ஏனடி குணம், இடப்பக்கம் நிலத்திலை படாமல் விழுறாய்?" என்று காதுக்குள் கேட்டா. உரலில் இடிபட்டது என்றேன். "உரல் சுகமாய் இருக்குதோ?" என்று கேட்டு, என்னை எழுப்பி மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டா.

மார்பில் ஒரு கட்டி. பொங்கலுக்கு முன்னமே தெரியும். உங்களுக்கு எழுதவில்லை, நடுக்கடலில் நின்று என்ன செய்வீர்கள்? அம்மாளுக்கு மட்டும் சொல்லி, மருந்து வேண்டாம், திருநீறு போதும் என்று நேர்ந்திருந்தேன். மிஸி ஏசவில்லை. ஐயரிடம் திருநீறு வாங்கித் தானே பூசிவிட்டு, "பூசியாச்சு. நாளைக்கு என்னோடை பஸ்ஸிலை ஏறு" என்றா.

யாழ்ப்பாணத்தில் விறைக்க ஊசி போட்டுக் கட்டியை எடுத்தார்கள். மிஸி கையைப் பிடித்துக்கொண்டு தேவாரம் பாடினா. "மிஸி, உங்கடை ராகத்துக்கு டாக்குத்தர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடப்போறார்" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

சோதனை மறுமொழி வரும்வரைதான் பொல்லாத நாட்கள். மிஸி பின்னேரங்களில் வந்து புண்ணைக் கட்டிவிட்டு, என்னோடு இருந்து வெங்காயம் உரிப்பா. ஒன்றும் கேட்கமாட்டா. கண்ணீர் வந்தால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நேற்று மறுமொழி வந்தது. புற்று இல்லை. ஆசுபத்திரி வாசலில் இருவரும் ஐஸ்கிரீம் குடித்தோம். மிஸிக்குச் சீனி வருத்தம், ஒருவருக்கும் சொல்லாதை என்றா. நீங்களும் சொல்லவேண்டாம்.

அம்மாளுக்குப் பாதி வீதி பாக்கி. வருகிற தேருக்கு முடிக்கவேண்டும். மிஸிக்கு முழங்கால் நோ. செம்பு தூக்கவும், விழுந்து எழும்பும்போது கை தரவும் ஓர் ஆள் வேண்டும். சம்பளம் இல்லை. வண்டி இருந்தாலும் பரவாயில்லை. கப்பலில் அப்படி யாரும் இருந்தால் தயவுசெய்து அனுப்பிவைக்கவும்.

அம்மாள் உங்களுக்குக் கடலிலும் துணை நிற்பா.

இப்படிக்கு,
உங்கள் வழி பார்த்திருக்கும்
குணலட்சுமி