பொனட்டுக்கு அந்தப்பக்கம்

ஞாயிறு, வெள்ளவத்தை

இன்று பின்னேரமும் காரை ஸ்டார்ட் பண்ணினேன். எனக்குக் கார் ஓடத் தெரியாது. பற்றரி செத்துப்போகாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுத்தான் இவர் ரொறன்ரோவுக்கு, மகள் வீட்டுக்குப் போனார். இன்று எஞ்சினுக்குள் டக் டக் என்று ஒரே தட்டல். பயத்தில் இவருக்குக் கோல் எடுத்தேன்.

"அது எஞ்சின் வால்வில டெப்பட் அடிக்கிற சத்தம். ஒயில் பாத்தனீரோ?"

"ஓம், அளவாத்தான் கிடக்கு."

"அப்ப ஃபோனை எஞ்சினுக்குக் கிட்ட வைச்சிட்டு, நீர் உள்ளுக்க இருந்து மிதியும். நான் கேக்கிறன்."

எங்கள் பழைய வழக்கம்தான். நீட்டு ஸ்குரூ டிரைவரை எஞ்சினில் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்து அவர் சத்தம் கேட்பார். நான் உள்ளே இருந்து அக்சிலேட்டரை மிதிப்பேன். திறந்த பொனட் அவரை மறைத்துவிடும். பக்கத்தால் ஒரு கை மட்டும் நீளும். அந்தக் கையைப் பார்த்துத்தான் கூட்டுவேன், குறைப்பேன்.

இன்றும் கூட்டினேன், குறைத்தேன். மேல்மாடிக்காரர் ஜன்னலை அடித்துச் சாத்தினார். அதற்குப் பிறகும் மிதித்தேன். எந்தக் கைக்காகக் காத்திருக்கிறேன் என்று உறைத்தபோதுதான் இறங்கினேன்.

கோல் எப்போதோ கட் ஆகியிருந்தது. மெசேஜ் ஒன்று கிடந்தது.

"பேரன் எழும்பிட்டான். காரை வித்துப்போடுவம். இனி அதை ஆர் ஓடுறது?"

அடுத்த மாதம் வருகிறேன் என்று போன கிழமைதான் சொன்னவர்.